நிகழ்வுவழி நிரலாக்கமும் அதனைக் கற்றோர் வரலாறும்

பாடசாலை ஒன்றிலே ஆசிரியர் இடாப்பைக் கையிலெடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கின்றார். மாணவர் தத்தம் முறை வந்தபோது விடை கூறுகின்றனர். யார் எப்போது வாய் திறத்தல் வேண்டும் என்பதை இடாப்பே தீர்மானிக்கின்றது. அதே ஊர்த் தபாற் கந்தோரிலே நிலைமை வேறு. அங்குள்ள தபாலதிபர் எவரையும் அழைப்பதில்லை. முத்திரை வாங்குவோர், காசுக்கட்டளை மாற்றுவோர், பொதி அனுப்புவோர் ஆகியோருள் எவர் எந்நேரம் வருவர் என்பது அவர் அறியாதது. வந்தவர் கேட்பதற்கேற்ற படிவத்தை எடுத்து, அலுவலை முடித்து, மீண்டும் காத்திருத்தலே அவர் தொழில். கணனிக்கு நிரல் எழுதும் கலை இடாப்பு முறையினின்று தபாற் கந்தோர் முறைக்கு மாறிய வரலாறு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கொண்டது. அம்மாற்றம் பொறிகளிலே நிகழ்ந்தமையைக் காட்டிலும் கற்போர் மனத்திலே நிகழ்ந்தமையே கடினமாயிற்று. அக்கடினத்தைத் தணிக்கும் பொருட்டுக் கருவி செய்தோர் எதனைக் கற்பவன் கண்ணுக்குக் காட்டினர், எதனை மறைத்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1950 ஆம் ஆண்டுகளிலே கணனியை நாடிச் சென்றவன் கையில் துளையிட்ட அட்டைக்கட்டு ஒன்று இருந்தது. நிரல் தொடங்கும், தரவுகளை வாசிக்கும், கணிக்கும், விடையை அச்சிடும், முடியும். இதனிடையே மனிதனுக்கு வேலையில்லை. அமெரிக்காவிலே டாட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கேட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் ஆக்கிய பேசிக் மொழி 1964 மே 1 ஆம் திகதி முதன்முதல் இயங்கியபோது, விஞ்ஞானம் பயிலாத மாணவரும் தட்டச்சுப் பொறியின் முன்னமர்ந்து கணனியோடு உரையாடும் வாய்ப்புப் பெற்றனர். ஆயினும் அவ்வுரையாடலில் தலைமை நிரலிடமே இருந்தது. சிறிது பின்னர் அம்மொழியிற் சேர்க்கப்பட்ட 'இன்புட்' என்னும் கட்டளை தாளிலே ஒரு கேள்விக்குறியை அச்சிட்டுவிட்டு விடைக்காக நிற்கும். கேட்பது நிரல், விடை கூறுவது மனிதன். கேட்கப்படாத ஒன்றைக் கூற அவனுக்கு வழியில்லை. அக்கேள்விக்குறியின் முன்னிருந்து நிரலாக்கம் பயின்றவர்கள் பல இலட்சத்தவர். அவர்கள் மனத்திலே பதிந்த வழக்கமே பின்னர் இடையூறாயிற்று.

வெளியுலகம் தன் விருப்பப்படி வந்து கதவைத் தட்டும் என்னும் உண்மையைப் பொறியியலாளர் இதற்கு முன்னரே எதிர்ப்பட்டிருந்தனர். அச்சுப்பொறி முதலிய கருவிகள் கணனியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. அவை தம் வேலையை முடிக்கும்வரை கணனி வாளா நிற்றல் பெருநட்டம். ஆதலின், வேலை முடிந்தவுடன் அவையே கணனியை மறித்து அறிவிக்கும் 'இடையீடு' என்னும் ஏற்பாடு தோன்றியது. ஒல்லாந்து நாட்டிலே ஆக்கப்பட்ட எக்ஸ் 1 என்னும் கணனியின் இடையீட்டு நிரலை எழுதும் பொறுப்பு எட்ஸ்கர் டைக்ஸ்ராவிடம் வந்தது. அவர் முதலில் அவ்வேற்பாட்டை விரும்பவில்லை. இடையீடு எக்கணத்தில் நிகழும் என்பதை முன்னறிதல் இயலாது. ஒருமுறை நேர்ந்த பிழையை மறுமுறை வேண்டுமென்றே நேரச் செய்து பார்த்தலும் இயலாது. அத்தகைய நிரலைச் சரியென்று எவ்வாறு நம்புவது என்பது அவர் அச்சம். பின்னர் அவர் உடன்பட்டு எழுதினார். 1959 இல் அமிஸ்ரடாம் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வு அதனைப் பற்றியதே. பிற்காலத்தில் சாளரமும் பொத்தானும் கொண்டு நிரலாக்கம் கற்கப் புகுந்த இளைஞன் அடைந்த தடுமாற்றத்தை, அறிவாற் சிறந்த ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அடைந்திருந்தார் என்பது மறத்தற்கரியது. தடுமாறுதல் மந்தபுத்தியின் அடையாளமன்று.

மனிதன் கையாலேயே கணனியை நடத்தும் காட்சி 1963 இல் வெளிப்பட்டது. மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுகூடத்திலே ஐவன் சதர்லாந்து 'ஸ்கெச்பாட்' என்னும் நிரலை ஆக்கினார். ஒளிப்பேனாவாற் திரையிலே கோடு வரையலாம், வரைந்ததை நகர்த்தலாம். அடுத்து, 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பாட் சுட்டி என இன்று வழங்கும் கருவியைப் பேரவை முன்னர் இயக்கிக் காட்டினார். இவ்விரண்டினதும் பெருமை பலராலும் எழுதப்பட்டுள்ளது, விரித்தல் வேண்டா. அத்தகைய நிரல்களை எழுதுவது எவ்வாறு என்பதைப் பிறருக்குக் கற்பிக்கும் முறை அப்போது இருந்திலது என்பதே இங்கு வேண்டப்படுவது.

கற்பித்தல் என்னும் எண்ணம் செறொக்ஸ் நிறுவனம் 1970 இல் பாலோ அல்ரோ நகரில் நிறுவிய ஆய்வு நிலையத்திலே தலையெடுத்தது. அலன் கே, டான் இங்கல்ஸ், அடேல் கோல்ட்பேக் முதலியோர் வளர்த்த ஸ்மோல்ரோக் என்னும் மொழியிலே நிரல் என்பது ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும் கட்டளைத் தொடராக எண்ணப்படவில்லை. தமக்குள்ளே செய்தி அனுப்பிக்கொள்ளும் பொருள்களின் கூட்டமாக அது எண்ணப்பட்டது. அந்நகரப் பாடசாலைப் பிள்ளைகள் அழைத்து வரப்பட்டு அதனைக் கற்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓவியம் தீட்டும் நிரலொன்றைத் தானே ஆக்கினாள். அதே நிலையத்திலே லாரி தெஸ்லர் என்பார், நிரல் மனிதனை ஒரு நிலையினுள் அடைத்துவைத்து 'இப்போது இதனை மட்டுமே செய்யலாம்' என்று கட்டளையிடும் வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். நிரலைப் பயன்படுத்துவோனுக்கு இது விடுதலை. நிரலை எழுதுவோனுக்கோ பெருஞ்சுமை. எதுவும் எப்போதும் நிகழலாம் என்ற எதிர்பார்ப்புடன் அவன் எழுத வேண்டியவனானான்.

செறொக்ஸ் நிறுவனத்தின் மேசா என்னும் மொழிச் சூழலை விளக்கி றிச்சட் சுவீற் 1985 இல் எழுதிய கட்டுரை இம்மாற்றத்துக்கு நகைச்சுவையான பெயரொன்று சூட்டியது. திரைப்பட வாய்ப்புத் தேடி வருவோரிடம் ஹொலிவூட் முகவர்கள் கூறுவது வழக்கமாம்: நீங்கள் எங்களை அழைக்க வேண்டா, தேவையானால் நாங்கள் அழைப்போம் என்று. நிரலும் அவ்வாறே பயனாளனிடம் கட்டளை கேட்டு நில்லாது, அழைக்கப்படும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது கருத்து. ஹொலிவூட் விதி என்று இது இன்றும் வழங்குகின்றது.

ஆய்வுகூடங்களுக்கு வெளியே இவ்விதியை முதன்முதற் பெருந்தொகையான நிரலாளர் மேற்கொள்ள நேர்ந்தது 1984 சனவரியில் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் கணனி வெளிவந்த பின்னரே. அதற்கு நிரல் எழுதுவோருக்கு வழிகாட்டிய 'இன்சைட் மக்கின்ரோஷ்' என்னும் நூல் 1985 இல் பல பாகங்களாக அச்சேறியது. எந்த அத்தியாயத்தை விளங்குவதற்கும் ஏனைய அத்தியாயங்களை முன்னரே படித்திருத்தல் வேண்டும் என்று நிரலாளர் அந்நூலைக் குறைகூறினர். குறை நூலில் மட்டும் இருந்ததன்று. பொருளே அத்தகையது. மக்கின்ரோஷ் நிரலின் நடுவே முடிவின்றிச் சுழலும் பகுதி ஒன்றை நிரலாளனே எழுத வேண்டும். 'அடுத்த நிகழ்வு யாது?' என்று அது பணிசெயல் முறைமையைக் கேட்கும். சுட்டி அழுத்தப்பட்டது என்று விடை வரின், அழுத்தப்பட்ட இடம் பட்டியற் பட்டையா, சாளரத்தின் தலைப்பா, மூடும் பெட்டியா, உள்ளிடமா என்று ஆராய்ந்து, அதற்கேற்ற பகுதிக்கு அனுப்பும்; பின் மீண்டும் கேட்கும். தபாற் கந்தோரின் சாளரமும் வரிசையும் இங்கே கற்பவன் கண்முன்னே கிடந்தன.

மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் 1985 நவம்பரில் வெளிவந்தது. அதனைக் கற்பிக்க எழுந்த நூல்களுள் தலைசிறந்தது சாள்ஸ் பெற்சோல்ட் 1988 இல் வெளியிட்ட 'புரோகிராமிங் விண்டோஸ்'. ஏனைய மொழிநூல்களிலே ஒரு வாழ்த்துச் சொல்லைத் திரையில் எழுதும் முதற்பயிற்சி ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். விண்டோசில் அதே பயிற்சிக்கு ஏறக்குறைய எண்பது வரிகள் வேண்டியிருந்தன. சாளரத்தின் இனத்தைப் பதிவு செய்தல், சாளரத்தைத் தோற்றுவித்தல், செய்திகளைப் பெற்று உரிய இடத்துக்கு அனுப்பும் சுழல், அச்செய்திகளை ஏற்கும் சாளரச் செயன்முறை என்பன அவ்வெண்பதினுள் அடங்கும். இவற்றுள் சாளரச் செயன்முறையே கற்பவனைத் திகைக்க வைத்தது. அதனை எழுதியவன் அவன். ஆயின் அதனை அழைக்கும் வரி அவன் நிரலிலே எங்கும் இல்லை. அழைப்பது விண்டோஸ். தன் வீட்டுச் சமையலறைக்கு அயலவர் வந்து அடுப்பு மூட்டுவதைக் கண்டவன் போல அவன் மருண்டான்.

அதனினும் ஆழமான பாடம் ஒன்று 'வரைக' என்னும் செய்தியில் இருந்தது. புதிதாய்க் கற்பவன் சாளரத்திலே ஒரு வட்டத்தை வரைகின்றான். வேறொரு சாளரம் அதனை மறைத்து விலகியபின் பார்த்தால் வட்டத்தைக் காணோம். திரையிலே தீட்டியது அங்கேயே நிலைத்திருக்கும் என்று எண்ணியமை அவன் தவறு. மறைந்த பகுதி மீண்டும் வெளிப்படும்போது விண்டோஸ் 'வரைக' என்று செய்தி விடுக்கும். எதனை வரைய வேண்டும் என்பதை நிரல் தன் நினைவிலே வைத்திருந்து மறுபடியும் வரைய வேண்டும். பழைய முறை நிரலிலே, இதுவரை நடந்தவை யாவை என்பதற்கு நிரல் எந்த வரியிலே நிற்கின்றது என்பதே பெரும்பாலும் சான்றாய் இருந்தது. பத்தாம் வரியில் நிற்கின்றதாயின் ஒன்பது வரிகளும் முடிந்தன என்பது பொருள். நிகழ்வுவழி நிரலுக்கு அத்தகைய 'நிற்கும் இடம்' இல்லை. ஒவ்வொரு நிகழ்வும் முடிந்தபின் அது வாசலுக்கே திரும்பிவிடுகின்றது. ஆகவே நடந்தவற்றையெல்லாம் மாறிகளிலே பதிந்து வைத்தல் அதன் கடன். இம்முறையைக் கற்பதில் உள்ள கடினத்தின் ஆணிவேர் இதுவே எனலாம். சுட்டியும் பொத்தானும் வெறும் இலைகளே.

எண்பது வரிகளைக் கண்டு அஞ்சியோருக்கு அடைக்கலமாக இரண்டு கருவிகள் எழுந்தன. 1987 இல் பில் அற்கின்சன் ஆக்கிய ஹைப்பர்காட் மக்கின்ரோஷ் வாங்குவோருக்கு இலவசமாக அளிக்கப்பட்டது. அதன் அட்டையிலே பொத்தானொன்றை வைத்து, 'சுட்டி மேலெழும்போது' என்று தொடங்கும் சில வரிகளை ஆங்கில வாக்கியம் போலவே எழுதினாற் போதும். நிரலாளர் அல்லாத ஆசிரியர்களும் அதனைக் கொண்டு பாடங்கள் ஆக்கினர்.

மற்றையது விசுவல் பேசிக். அலன் கூப்பர் என்பார் விண்டோசின் தோற்றத்தைப் பயனாளனே இழுத்து அமைத்துக்கொள்ளும் கருவியொன்றை ஆக்கி, 1988 இல் பில் கேட்சுக்குக் காட்டினார். மைக்ரோசொவ்ற் அதனை வாங்கி, இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் டாட்மத்தில் மாணவருக்காகப் பிறந்த அதே பேசிக் மொழியோடு இணைத்து 1991 மே மாதம் வெளியிட்டது. கேள்விக்குறி இட்டு மனிதனை விடைக்கு நிறுத்திய மொழி, மனிதன் அழுத்தும்வரை தான் நிற்கும் மொழியாயிற்று. வெறும் படிவம் ஒன்று திரையில் தோன்றும். கருவிப்பெட்டியிலிருந்து பொத்தானை எடுத்துப் படிவத்தில் வைக்கலாம். அப்பொத்தானை இருமுறை அழுத்தினால் எழுதுமிடம் திறக்கும். அங்கே 'கொமாண்ட்1 கிளிக்' என்ற பெயருடன் முதல்வரியும் முடிவுவரியும் முன்னரே எழுதப்பட்டிருக்கும். கற்பவன் இரண்டுக்கும் நடுவே ஒரு வரி எழுதினால் நிரல் இயங்கும். எண்பது வரி ஒரு வரியாயிற்று. நிகழ்வுச் சுழல் எங்கே என்று கேட்பின், அது திரைக்குப் பின்னே சுழன்றுகொண்டிருந்தது. கற்பவன் அதன் பெயரையும் அறியான்.

இதனாற் பெற்ற பயனைக் குறைத்து மதித்தல் நேர்மையாகாது. கணக்காளர், மருத்துவர், பண்டசாலைப் பொறுப்பாளர் எனக் கணனியைத் தொழிலாகக் கொள்ளாத எத்தனையோ பேர் தத்தம் தேவைக்கான நிரலைத் தாமே ஆக்கினர். 1995 இல் போலண்ட் நிறுவனம் வெளியிட்ட டெல்பி அதே முறையைப் பாஸ்கல் மொழியிலே கொணர்ந்தது. ஆயினும் மறைக்கப்பட்டது இல்லாது போவதில்லை. பொத்தான் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று எண்ணிக் காட்டும் சிறு நிரலை எழுதும் மாணவன், எத்தனை முறை அழுத்தினும் 1 என்ற எண்ணே வரக்கண்டு வியப்பான். செயன்முறையினுள்ளே அவன் வைத்த மாறி ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறந்து, முடிவுவரியை எட்டியதும் இறந்துவிடுகின்றது. மாறியைச் செயன்முறைக்கு வெளியே வைத்தல் வேண்டும், அல்லது நிலையானது என்று அறிவித்தல் வேண்டும். விடை சிறிது, அவ்விடைக்கான காரணத்தை விளங்குதற்கோ அவனுக்குக் காட்டப்படாத சுழலைப் பற்றிய அறிவு வேண்டும். இரண்டு எழுத்துப் பெட்டிகள் ஒன்றன் மாற்றத்தால் மற்றதை மாற்றுமாறு எழுதப்படின், நிகழ்வு நிகழ்வைத் தூண்டிச் சங்கிலியாய் ஓடுவதும் உண்டு.

எல்லாவற்றினும் கொடியது சாளரம் உறைந்து போதல். பொத்தானின் செயன்முறையினுள்ளே நீண்ட கணக்கொன்றை ஒருவன் எழுதிவிட்டால், அது முடியும்வரை நிரல் வாசலுக்குத் திரும்புவதில்லை. தபாலதிபர் ஒருவரின் பொதியைக் கட்டுவதற்கு உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டால் வரிசையிலுள்ளோர் நிலை யாதாகும்? விண்டோசின் 3.1 பதிப்புக் காலத்தில் இத்தீங்கு அந்நிரலோடு நின்றதுமில்லை. அங்கு நிரல்கள் தாமாகவே முறைவிட்டுக் கொடுத்தாலன்றி ஏனைய நிரல்கள் இயங்கா. ஆதலின் ஒருவனின் அறியாமை கணனி முழுவதையும் நிறுத்தியது. விசுவல் பேசிக் இதற்கு அளித்த மருந்து 'டூ ஈவென்ற்ஸ்' என்னும் கட்டளை. கணக்கின் நடுவே அதனை இட்டால், காத்திருக்கும் நிகழ்வுகள் கவனிக்கப்பட்டு மீண்டும் கணக்குத் தொடரும். ஆயின் காத்திருந்த நிகழ்வு அதே பொத்தானின் மற்றோர் அழுத்தமாயின், முதற்கணக்கு முடியுமுன் இரண்டாங்கணக்கு அதனுள்ளேயே தொடங்கிவிடும். டைக்ஸ்ரா 1950 ஆம் ஆண்டுகளின் இறுதியில் அஞ்சிய பிழை, அவர் பெயரைக் கேட்டறியாத மாணவன் மேசையிலே இவ்வாறு வந்து அமர்ந்தது.

பல்கலைக்கழகங்கள் இவ்விடயத்திலே நெடுங்காலம் ஒதுங்கி நின்றன. முதலாண்டில் வரிசைமுறை நிரல். நிகழ்வுகள் பின்னர், இடமிருந்தால் மட்டும் என்பது அவற்றின் பாடத்திட்டம். 1998 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த லின் ஆன்ட்ரியா ஸ்ரைன் இதனை வன்மையாய்க் கண்டித்தார். கணிப்பு என்பது தரவிலிருந்து விடைக்குச் செல்லும் ஒற்றைப் பாதை என்ற உவமையைத் தொடக்கத்திலேயே மாணவன் மனத்தில் ஊன்றிவிட்டு, பின்னர் அதனைப் பிடுங்க முயல்வது வீண். ஒன்றோடொன்று உறவாடும் பகுதிகளின் சமூகமாக நிரலை முதல்நாளே காட்டுதல் வேண்டும் என்பது அவர் வாதம். வில்லியம்ஸ் கல்லூரியிலே கிம் புரூஸ், ஆன்ட்ரியா டானிலக், தோமஸ் மேர்த்தா ஆகிய மூவரும் அதனைச் செயலிலே காட்டினர். ஜாவா மொழியிலே தொடக்க மாணவருக்கென எளிய நூலகமொன்றை ஆக்கி, சுட்டி அழுத்தப்படும்போது யாது செய்வது என்பதையே முதற்பாடமாய் வைத்தனர். நிகழ்வுவழி நிரலாக்கம் முதலாண்டு மாணவருக்கும் எளியதே என்று 2001 இல் எழுதினர். பாடநூலும் 2005 இல் வெளிவந்தது. கருவி செய்தோர் கடினத்தை மறைத்துத் தீர்க்க முயன்றனர் என்றால், இவ்வாசிரியர்கள் வரிசையை மாற்றித் தீர்க்க முயன்றனர். இரண்டனுள் பின்னதே பொருத்தமுடையது. பழைய வழக்கம் வேரூன்றுமுன் கற்பவனுக்குப் புதிய வழக்கம் புதியதாய்த் தோன்றுவதில்லை.

இதற்கிடையே விசுவல் பேசிக் கற்றோருக்கு வேறொரு வகையில் இடர் வந்தது. 1998 இல் வெளிவந்த ஆறாம் பதிப்பை அடுத்து, 2002 இல் மைக்ரோசொவ்ற் அம்மொழியைப் புதிய அடிப்படையிலே மாற்றியமைத்தது. பழைய நிரல்கள் திருத்தமின்றிப் புதியதில் இயங்கவில்லை. பழைய மொழியைத் தொடர்ந்து பேணுமாறு 2005 இல் நிரலாளர் பலர் விண்ணப்பித்தும் பயனில்லை. ஆறாம் பதிப்பின் ஆக்கச்சூழலுக்கான ஆதரவு 2008 ஏப்பிரலில் முற்றுப்பெற்றது. கருவியை மட்டும் அறிந்திருந்தோர் கையறுநிலை எய்தினர். கருவிக்கு அடியிலே சுழலும் சுழலை அறிந்திருந்தோர் வேறு மொழிக்குச் சென்று சில கிழமைகளில் வேலையைத் தொடர்ந்தனர்.

இன்று பைதன் மொழியிலே சாளர நிரல் கற்கத் தொடங்குவோர் பலரும் ரிகின்ரர் என்னும் நூலகத்தைக் கையாளுகின்றனர். அதன் அடிப்படை பேக்லி நகரில் ஜோன் ஊஸ்ரர்ஹவுட் ஆக்கிய ரிகே. சாளரத்தை அமைத்து, பொத்தானை வைத்து, அதற்குரிய செயன்முறையைக் குறித்தபின், கடைசியில் 'மெயின்லூப்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அவ்வரிக்குக் கீழே எழுதியவை சாளரம் மூடப்படும்வரை ஏன் இயங்குவதில்லை என்று மாணவன் கேட்கின்றான். மக்கின்ரோஷ் போல் முழுச் சுழலையும் எழுதச் செய்யாமலும், விசுவல் பேசிக் போல் முற்றாய் மறைக்காமலும், அதன் வாயிலை மட்டும் காட்டும் இடைவழி இது. அவ்வொரு வரி எழுப்பும் கேள்வி நல்ல ஆசிரியருக்குக் கிடைத்த வாய்ப்பு.

சிறுவருக்கென மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுகூடம் 2007 இல் வெளியிட்ட ஸ்கிராச் என்னும் கருவியின் தொடக்கப் பதிப்பு, மேசைக் கணனியிலே நிறுவிக்கொள்ளும் நிரலாகவே வந்தது. அது எழுதப்பட்ட மொழி ஸ்குவீக். பாலோ அல்ரோவிலே பிறந்த ஸ்மோல்ரோக்கின் வழித்தோன்றல். அதிலே பிள்ளை எடுத்து வைக்கும் முதற்றுண்டு 'பச்சைக் கொடி அழுத்தப்படும்போது' என்றோ 'இன்ன விசை அழுத்தப்படும்போது' என்றோ தொடங்குகின்றது. அத்துண்டின் மேற்புறம் தொப்பி போல வளைந்திருக்கும். அதன்மேல் வேறு துண்டொன்றைப் பொருத்த இடமில்லை.